மூன்றாம் தளத்தில் ஹாலரன்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கல்வெட்டிலிருந்து பிறந்தது. கல்லில் வெட்டுகிற கல்வெட்டு இல்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடுகிற சின்னப் புத்தகம். முன்னட்டையில் இறந்தவர் கோட் போட்டிருப்பார். உள்ளே தேவாரமோ செபமோ, பிறகு வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். ரொறன்ரோவில் இதை எழுதிக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. பெயர் துர்க்கா, வீடு மில்லிக்கனில். பகலில் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் இருக்கிறேன். பின்னேரங்களில் மற்றவர்களுக்காகப் புலம்புகிறேன்.

இருபத்திரண்டு வருட அனுபவம். மாமியோடு ஒன்பது வருடம் முகம் கொடுத்துப் பேசாத மருமகளுக்கும் எட்டு வரிப் புலம்பல் எழுதியிருக்கிறேன். அந்த மருமகள் அதை மண்டபத்தில் வாசித்துவிட்டு உண்மையாகவே விக்கி விக்கி அழுதார். என் கல்வெட்டுகளில் இதுவரை யாரும் குடித்ததில்லை. காணி எல்லைக்காக யாரும் கூடப்பிறந்தவர்களோடு கோடு, வழக்கு என்று போனதில்லை. எல்லோரும் இன்முகத்தோடு விருந்தோம்பினார்கள், எல்லோரும் ஊருக்கு உழைத்தார்கள்.

அப்படிப்பட்ட என் கையில் ஒரு பேஸ்போல்காரர் வந்து மாட்டினார். அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல். பெரிய மீசை. நன்றாகக் குடிப்பார். கல்வெட்டு எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து அறையிலிருந்து என் கணவர் சிவரூபன் வந்து, செத்த வீட்டு வேலை செய்யும்போது என்ன இளிப்பு என்று கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கதை.

2

தொடக்கம் ஒன்று: "கனடா ரொறன்ரோ கோர்க்டவுனைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட அமரர் எட்வேட் ஹாலரன் அவர்கள்..."

(வேண்டாம். வானொலியில் மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது. வாசகர் தொடர்புக்குத் தொலைபேசி இலக்கம் வரும் என்று காத்திருப்பார்.)

தொடக்கம் இரண்டு: "1889ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்து மாலை ஒன்றில், டான் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த மைதானத்தில் இரண்டாயிரம் தொப்பிகள் ஒரே நேரத்தில் வானத்துக்குப் போயின. அவை கீழே வருவதற்குள்..."

(வருவதற்குள் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆகவே தொப்பிகளை வானத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போனேன். அவற்றை நான் மறக்கவில்லை.)

தொடக்கம் மூன்று: கிளடிஸ் அன்ரி மணி அடித்தபோது நான் சுறாக் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்தது. ஆகவே இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கிளடிஸ் அன்ரிக்கு ஊர் இளவாலை. எழுபத்தொன்பதில் தாதியாக ரொறன்ரோவுக்கு வந்தவர். எண்பத்து மூன்றில் ரொம் ஹாலரன் என்ற ஐரிஷ் வம்சத்துத் தபால்காரரைக் கலியாணம் செய்தார். இளவாலையில் அப்போது எத்தனை பேர் சாப்பாட்டை விட்டார்கள், எத்தனை பேர் உறவை விட்டார்கள் என்பது தனிக் கதை. பிள்ளைகள் இல்லை. விட்பியில் வீடு. இந்த ஓகஸ்ற் மாதம் ரொம் அங்கிள் போய்விட்டார்.

அவருக்குத் தமிழில் ஒரு கல்வெட்டு வேண்டும் என்று அன்ரி கேட்டார். நான் கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, அங்கிளுக்குத் தமிழ் தெரியுமா என்று விசாரித்தேன். தேநீர் போடப் போகும்போது சொல்கிற ஒரே ஒரு வசனம் தெரியுமாம். "தேத்தண்ணி வைச்சிட்டு வாறன்." அதை மட்டும் இளவாலைக்காரர் மாதிரியே சொல்வாராம்.

நாற்பத்திரண்டு வருடமாக அன்ரியோடு எங்கள் ஆட்களின் முப்பத்தோராம் நாள் சாப்பாடுகளுக்கெல்லாம் போனவர் அங்கிள். ஒவ்வொரு கல்வெட்டையும் புரட்டிப் படம் பார்த்துவிட்டு இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். நல்ல மனுசன் என்று எழுதியிருக்கு என்பார் அன்ரி. எல்லாரையுமா என்று கேட்பார். எல்லாரையும்தான் என்பார் அன்ரி. அப்படியென்றால் எனக்கும் ஒன்று வேண்டும் என்றாராம், ஒவ்வொரு தடவையும்.

நான் கொப்பியை எடுத்தேன். பிறந்த திகதி, தாய் தகப்பன், வேலை. மனைவி புலம்பல் எத்தனை வரி வேண்டும் என்று கேட்டபோதுதான் அன்ரி கையை நீட்டி என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் புலம்பல் வேண்டாம், பிள்ளை. எனக்கு முடிவு வேணும்."

[இந்த இடத்தில் கதை தொடங்குகிறது. இதுவரை வந்தது கருவாட்டு வாசனை.]

ரொம் அங்கிளின் பூட்டன், அதாவது அப்பப்பாவின் தகப்பன், பெயர் எட்வேட் ஹாலரன், சுருக்கமாக நெட். இந்த நகரத்தில் பேஸ்போலைச் சம்பளத்துக்கு விளையாடிய முதல் ஆட்களில் ஒருவர். அவர் விளையாடிய கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள்தான் அங்கிளிடம் இருந்த ஒரே கதை. ரொறன்ரோ பின்தங்கி நிற்கிறது. நெட் அடிக்கிறார். ஓடுகிறார். முதலாம் மூலையில் முதலாம் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளத்துக்கு நெஞ்சால் சறுக்கிப் போய்த் தொடுகிறார். புழுதி. நடுவர் கையை விரிக்கிறார், நெட் தப்பிவிட்டார். இனி ஒரு மூலைதான் மிச்சம். அன்ரி கதிரை நுனிக்கு வந்துவிடுவார். அங்கிள் எழும்பி, "தேத்தண்ணி வைச்சிட்டு வாறன்" என்று குசினிக்குப் போய்விடுவார்.

திரும்பி வந்தால் வேறு கதை. மறுபடி கேட்டால் மறுபடி முதலாம் தளத்திலிருந்து. சில நாள் மழை வரும், சில நாள் மைதானத்துக்குள் ஒரு நாய் ஓடும். நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நெட் மூன்றாம் தளத்தைத் தாண்டவில்லை. அங்கிள் உயிரோடு இருக்கும்போது தானே தேடிப் பார்த்தால் அது அவரை ஏமாற்றுவது போல என்று அன்ரி பொறுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை கேட்டிருக்கிறார். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டே தேத்தண்ணிக் கேத்தில் எங்கே என்றாராம்.

"அந்த மனுசன் வீட்டை வந்து சேந்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியோணும். அதை ரொம்மின்ரை கல்வெட்டிலை நீர் எழுதும்."

ஓம் என்றேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது பிறகுதான் விளங்கியது. கருவாடும் கருகிவிட்டது.

4

நெட் ஹாலரனைப் பற்றி எனக்குக் கிடைத்தவை: ஒரு படம், நாலு பத்திரிகைத் துண்டுகள், அன்ரி சொன்ன ஒரு குடும்பச் செய்தி. பத்திரிகைகளை நூலகத்தின் இணையத்தளத்திலிருந்து எடுத்துத் தந்தவள் என் மகள் நிலக்சி. பல்கலைக்கழகத்தில், பேஸ்போலின் தங்கச்சியான சொஃப்ற்போல் அணிக்குப் பந்தெறிகிறவள். எனக்கும் அவளுக்கும் பேசுவதற்கு ஒரு விசயம் அகப்பட்டது என்று அந்தக் கிழமை முழுக்க இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தோம்.

முதல் துண்டு, 1886. செங்கல் சூளையிலிருந்து வந்த இருபத்து மூன்று வயது ஹாலரன், எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறவர் போல் ஓடுகிறாராம். கல்வெட்டில் நான் எழுதியது: "அன்னார் இளமையிலேயே சுறுசுறுப்புக்குப் பேர் பெற்றவர்."

இரண்டாம் துண்டு, 1887. ஆட்டம் பாதி முடிந்த பிறகு ஹாலரன் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு பால் வண்டியில் வந்தார். நித்திரையில் வந்தார். குதிரைக்கு வழி தெரிந்திருந்தது. நிர்வாகம் தண்டம் விதித்தது. கல்வெட்டில்: "அன்னார் எளிமையான வாகனங்களையே விரும்பினார். நண்பர் குழாத்தை என்றும் கைவிடாதவர்."

(இந்த வசனத்தை எழுதிவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். சிவரூபன் வந்து கேட்டது அப்போதுதான்.)

மூன்றாம் துண்டு, 1888. அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார்கள். ஹாலரனின் விரல் முறிந்தது. குதிரைக்கு வார் தைக்கிறவரைக் கூப்பிட்டு ஒரு தோல் வாரால் கையைக் கட்டிக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினார். இதற்குக் கல்வெட்டு மொழி தேவைப்படவில்லை. அப்படியே போட்டேன்.

படத்தில் நெட் ஒரு கதிரையில் இருக்கிறார். கழுத்துவரை கம்பளிச் சட்டை. கை இரண்டும் முழங்காலில். விரல்களைப் பார்த்தால் நாலும் நாலு திசைக்கு நிற்கின்றன. இனிக் குடும்பச் செய்தி: விளையாட்டை விட்ட பிறகு நெட் குதிரைகள் இழுத்த தெருவண்டியில் நடத்துநராக இருந்தார். யாராவது வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். அவர் கிழக்கைக் காட்டினால் விரல் வடக்கைக் காட்டும். அந்த நாட்களில் ரொறன்ரோவில் தவறான தேவாலயத்தில் கலியாணத்துக்குப் போய் இருந்தவர்கள் பலர் என்று ரொம் அங்கிள் சொல்வாராம். அங்கிளையும் முழுதாக நம்பமுடியாது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இப்படி ஒருத்தரோடு குடும்பம் நடத்தியது யார்? பத்திரிகையில் ஒரு சொல் இல்லை. ஆகவே நானே ஒரு மனைவியைச் செய்தேன். பெயர் மேரி. (அந்தக் காலத்து ஐரிஷ் பெண்களில் பாதிப் பேருக்கு அதுதான் பெயர், பிழையாகப் போக வாய்ப்புக் குறைவு.) மேரி வாசலில் நிற்கிறாள். பால் வண்டி வருகிறது. மேரி காலிலிருந்து ஒரு சப்பாத்தைக் கழற்றுகிறாள், குறி பார்க்கிறாள், அந்த வீதியில் அவளை விட நன்றாக எறியக்கூடியவர்

இல்லை, மேரியை வெட்டிவிட்டேன். நல்லவள்தான். ஆனால் கிளடிஸ் அன்ரி கேட்டது நடந்ததை. நான் செய்த ஆளை அதற்குள் விட்டால், பிறகு எது நடந்தது எது நான் செய்தது என்று அன்ரிக்குத் தெரியாமல் போய்விடும். சப்பாத்து மட்டும் இன்னும் காற்றில் இருக்கிறது, தொப்பிகளோடு.

5

நாலாம் துண்டு வியாழக்கிழமை காலை கிடைத்தது. வெள்ளி மத்தியானம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஸ்ரீல்ஸ் வீதிப் பிளாசாவில் அச்சகம் வைத்திருக்கும் பிரசாந் ஏற்கெனவே இரண்டு தரம் ஃபோன் எடுத்துவிட்டார்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்காக ஒரு பந்தி. ஒரு சதுரம், நாலு மூலை. ஒரு மூலையில் நின்று பந்தை அடித்துவிட்டு, மற்ற மூன்று மூலைகளையும், அதாவது மூன்று தளங்களையும், மிதித்துக்கொண்டு, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வரவேண்டும். அந்த மூலைக்கு ஹோம் என்று பெயர். ஹோமுக்கு வந்தால்தான் ஒரு ஓட்டம். மூன்று பேர் ஆட்டமிழந்தால் அந்த முறை முடிந்தது. இதைச் சிவரூபனுக்கு விளங்கப்படுத்தியபோது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வாறதுக்கு ஏன் புறப்பட்டவன் என்று கேட்டார். அவர் கிரிக்கெற்காரர். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்குத் தொடக்கத் துடுப்பாட்டக்காரராக நின்று, ஒரு முழுப் பின்னேரமும் மட்டையைப் பந்துக்குக் குறுக்கே வைத்துத் தடுத்து, ஆட்டமிழக்காமல் பதினொரு ஓட்டங்கள் எடுத்தவர். அந்தப் பதினொன்றைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

நாலாம் துண்டின் மேல் மூலை கிழிந்திருந்தது. யார் வென்றார்கள் என்ற விபரம் அதோடு போய்விட்டது. மிச்சம் இருந்ததில் ரொம் அங்கிள் சொன்ன எல்லாமே இருந்தன. அடி, ஓட்டம், சறுக்கல், புழுதி, விரித்த கை. ஒரு நாய்கூட இருந்தது. கடைசி வசனம் இப்படி முடிந்தது: ஹாலரன் மூன்றாம் தளத்தில் விடப்பட்டார்.

விடப்பட்டார் என்றால் என்ன? நானும் சிவரூபனும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தோம். முதலில் விளங்கியது அவருக்குத்தான். அவர் முகம் ஒளிர்ந்ததைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

"இஞ்சேரும், ஆள் நொட் அவுட். முறை முடியிறவரைக்கும் ஒருத்தராலையும் அவரை அசைக்க ஏலாமல் போச்சு."

அவர் எழும்பி நின்றே அதைச் சொன்னார். ஆட்டமிழக்காமல் நிற்பதைவிட ஒரு மனிதனுக்கு வேறு என்ன பெருமை வேண்டும்? எங்கள் பேப்பர்களில் புள்ளி விபரம் போடும்போது அதற்கென்றே தனிச் சொல் இருக்கிறது. எனக்கும் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு புகழ்ச்சியை எழுத நான் பொய்யே சொல்லத் தேவையில்லை. அரை மணித்தியாலத்தில் பாட்டும் வந்தது. கடைசி இரண்டு அடி:

புழுதியெழ விழுந்தெழுந்து மூன்றாம் மூலை
பொழுதுவரை ஆட்டமிழக் காது நின்றார்.

எதுகை தானாக விழுந்தது. பிரசாந்துக்கு அனுப்பினேன். நானும் சிவரூபனும் நெட் ஹாலரனின் பேரில் ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிட்டோம்.

6

பின்னேரம் நிலக்சி வந்து பாட்டைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். 'ஆட்டமிழக்காது' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"அம்மா, லெஃப்ற் ஒன் தேர்ட் எண்டால் அது குட் திங் இல்லை. ஹி நெவர் கேம் ஹோம். அடுத்த ஆள் அவுட், கேம் ஓவர். தே லொஸ்ற்."

அவள் வேறொரு பத்திரிகையையும் தேடி எடுத்து வந்திருந்தாள். அதில் கிழிசல் இல்லை. ரொறன்ரோ நாலு, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அணி ஐந்து. நெட்டுக்கு அடுத்ததாக அடிக்க வந்தவர் பந்தை எறிகிறவரின் கைக்கே மெதுவாகத் தட்டிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது ஆளும் அவுட். நெட் மூன்றாம் தளத்தில் நின்றபடியே எல்லாம் முடிந்துவிட்டது. பேஸ்போலில் அப்படி நிற்பதை யாரும் புகழ மாட்டார்கள். வீணாய்ப் போன ஓட்டம், அவ்வளவுதான்.

சிவரூபன் ஒத்துக்கொள்ளவில்லை. அப்ப ஹாலரன் அவுட்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அவுட் இல்லையென்றால் நொட் அவுட்தானே என்றார். அது அப்படி வேலை செய்யாது அப்பா என்றாள். பிறகு எப்படி வேலை செய்யும் என்று கேட்டார்.

நான் பிரசாந்துக்கு ஃபோன் எடுத்து நிறுத்தச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் உங்களுக்குக் காட்டுகிறேன்.

முடிவு அ. நெட் ஓடுகிறார். ஹோமைத் தொடுகிறார். மேரி (வெட்டியவள், திரும்ப வந்துவிட்டாள்) கூட்டத்துக்குள்ளால் ஓடி வருகிறாள். வானத்தில் இருந்த தொப்பிகள் எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. இதை எழுத எனக்கு நாலு நிமிடம் எடுத்தது. பழகிய கை. இறந்தவர் இன்முகத்தோடு விருந்தோம்பினார் என்று நான் எழுதினால் மண்டபத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் அன்ரி என்னிடம் கேட்டது ஒரு கேள்வி. நாற்பத்திரண்டு வருடம் கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

முடிவு ஆ. "ஹாலரன் மூன்றாம் தளத்தில் விடப்பட்டார். ரொறன்ரோ தோற்றது." உண்மை. இதைப் புருசனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கையில் முப்பத்தோராம் நாள் சோற்றோடு சேர்த்துக் கொடுப்பதா?

முடிவு இ. அங்கிள் மாதிரியே மூன்றாம் தளத்தில் நிறுத்திவிட்டு நன்றி நவிலலுக்குப் போய்விடுவது. அப்படிச் செய்தால் அன்ரி இரண்டாம் தரமும் ஏமாறுவார். அதுவும் இந்த முறை என்னால்.

(வாசகரே, உங்களிடம் நாலாவது ஒன்று இருந்தால் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.)

படுக்கையில்தான் இன்னொன்று உறைத்தது. ரொம் அங்கிளுக்கு இந்த முடிவு தெரியும். அப்பப்பாவிடம் கேட்டிருப்பார், அப்பப்பா தன் தகப்பன் நெட்டிடமே கேட்டிருப்பார். தெரிந்துகொண்டேதான் மனுசன் ஒவ்வொரு தடவையும் கேத்திலைத் தேடிப் போயிருக்கிறார்.

7

வெள்ளி காலை பல் வைத்தியரிடம் பல் வலி என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். (வேறு பொய் அந்த நேரத்தில் வரவில்லை. அவர் வாயைத் திற என்று சொல்வதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.) நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் அஜக்ஸ் வரை ஒரே நெரிசல். விட்பியில் அன்ரி கதவைத் திறந்தபோது ரீவியில் முந்தின நாள் பேஸ்போல் ஆட்டத்தின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வருடம் ஒரு ஹாலரனோடு இருந்தவர். பேஸ்போலில் என் மகளுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாமல் இருக்குமா?

மூன்று முடிவுகளும் என் கைப்பையில் இருந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல், வியாழக்கிழமை பாட்டையே எடுத்துக் கொடுத்தேன். அன்ரி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். ரொறன்ரோ எத்தனை என்று கேட்டார். நாலு என்றேன். மற்ற ஆட்கள்? ஐந்து.

அன்ரி கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நான் அழத் தொடங்கிவிட்டேன். இவ்வளவு வருடம் ஊராருக்கெல்லாம் கண்ணீர் எழுதியவள், எனக்கென்று வந்தபோது கண் துடைக்க லேஞ்சி கொண்டுபோக மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. அன்ரி சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு முழுதாக.

"கள்ள மனுசன். தோத்தது தெரிஞ்சுகொண்டே, எனக்காக நாப்பத்திரண்டு வருசமா அந்தாளை அங்கை நிப்பாட்டி வைச்சிருந்திருக்கிறார்."

அதைச் சொல்லிவிட்டு அவரும் அழுதார். சிரிப்பு நிற்கவில்லை, இரண்டும் சேர்ந்தே வந்தது. ரொம் அங்கிளை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நான் எழுதிய எந்த மனைவி புலம்பலிலும் அப்படி ஒரு சத்தம் இல்லை.

என்ன போடுவது என்று கேட்டேன். பாட்டில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றார். நெட் அவுட் ஆகவில்லை, ஆகவே அது பொய்யும் இல்லை. எங்கள் ஆட்கள் வாசித்துவிட்டு நல்ல மனுசன் என்பார்கள், ரொம்மும் அதைத்தானே கேட்டார். பிறகு அந்த அடுத்த ஆளைப் பற்றி விசாரித்தார். பந்தை எறிகிறவரின் கைக்கே தட்டிக் கொடுத்தவர். பெயர் தெரியாது என்றேன். அவனை ஒருக்கால் நல்லாய் ஏசவேணும் என்று அன்ரி சொன்னார்.

"அந்த ஒரு பந்தை மட்டும் திரும்ப எறிஞ்சால் என்ன?" என்று கேட்டுவிட்டு, கேத்திலை வைக்க எழும்பினார்.

8

ஞாயிற்றுக்கிழமை தேவாலய மண்டபம். நூற்றிருபது பேர். முன்னுக்கு ஒரு மேசையில் ரொம் அங்கிளின் படம், மெழுகுதிரி. திருப்பலி முடிந்து, சாப்பாடு முடிந்து, ஆட்கள் கல்வெட்டைப் புரட்டத் தொடங்கினார்கள். பாயாசம் வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

நொட் அவுட் என்றால் வென்றதா தோற்றதா? ஒரு மேசை வென்றது என்றது. பக்கத்து மேசை ஓட்டம் எடுக்காமல் நின்று என்ன பிரயோசனம் என்றது. மாமாங்கம் அண்ணை, மட்டக்களப்புக்காரர், பஸ் ஓட்டுகிறவர், ஹாலரன் அடுத்தவனை நம்பி நிற்காமல் தானே ஓடியிருக்கவேணும் என்று எழும்பி நின்று சொன்னார். சிவரூபன் பொறுப்பாரா? நாலு கதிரைகளை இழுத்துச் சதுரமாகப் போட்டு, சரியாக என்ன நடந்தது என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். ஹோம், அங்கிளின் படம் இருந்த மேசைக்கு முன்னால். மட்டைக்குச் சோற்றகப்பை. பந்துக்கு ஒரு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய். எறிவதற்கு நிலக்சியைக் கூப்பிட்டார்கள், அவள் வெட்கப்படாமல் வந்தாள். அடுத்த ஆளாக, அந்தப் பெயர் தெரியாதவனின் இடத்தில், அகப்பையோடு சிவரூபன். அப்ப ஹாலரனுக்கு ஆர் நிக்கிறது என்று யாரோ கேட்டார்கள்.

கிளடிஸ் அன்ரி பாயாசக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். சாம்பல் நிறச் சேலை. இடது முழங்கால் இரண்டு வருடத்துக்கு முன் மாற்றியது. நேரே போய் மூன்றாவது கதிரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நானும் ஹாலரன்தானே."

அன்ரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். கதிரைக்கும் படத்துக்கும் இடையில் இருபது அடிதான் இருக்கும். பாயாசம் கொண்டு வந்த பெடியள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் சிவரூபனின் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, இவர் வாழ்க்கையில் ஒரு பந்தையும் ஓங்கி அடித்ததில்லையே என்று நினைத்தேன். அவர் அன்ரியைப் பார்த்தார், அங்கிளின் படத்தைப் பார்த்தார், அகப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். இடது கால் வழக்கம்போல முன்னுக்கு வந்தது. தடுக்கப் போகிறாரா, அடிக்கப் போகிறாரா?

நிலக்சி கையைச் சுழற்றினாள். அவள் விட்டுக் கொடுக்கிறவள் இல்லை.

தேசிக்காய் கையை விட்டுப் போய்விட்டது. நூற்றிருபது பேரும் எழும்பிவிட்டார்கள். பாதி மண்டபம் ஓடுங்கோ என்கிறது, பாதி மண்டபம் நில்லுங்கோ என்கிறது. அன்ரியின் கை கதிரையை விட்டுவிட்டது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், மாமாங்கம் அண்ணையிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்வார். நீங்கள் அவரிடம் கேட்காதீர்கள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு நுனியில் இருங்கள். ஓடச் சொல்வதா நிற்கச் சொல்வதா என்று உங்களுக்குத் தெரியும், வாய் விட்டுக் கத்துங்கள், அன்ரிக்குக் கேட்கும்.

நான் தேத்தண்ணி வைச்சிட்டு வாறன்.